துப்பும் கூழும்: வேந்தர் போர்களில் மலையமான் மரபின் துணையும் புலவர் மொழியும்

சங்ககாலப் போர்கள் மூவேந்தர் போர்கள் என்றே வழிவழியாகப் பேசப்பட்டு வருகின்றன. வெண்ணி கரிகாலனுடையது, தலையாலங்கானம் நெடுஞ்செழியனுடையது. இக்களங்களில் ஏதேனும் ஒரு வேந்தன் பக்கம் நின்று, தன் மறவரையும் குதிரையையும் கொண்டு பொருத சிறுநாட்டுத் தலைவர்களைப் பற்றித் தனியே எழுதப்பட்டவை மிகச் சில. எழுதியோரும் அவர்களைப் பெரும்பாலும் ‘கடையெழு வள்ளல்கள்’ என்னும் தலைப்பின்கீழ் அடக்கிவிட்டனர். மயிலுக்குப் போர்வை, முல்லைக்குத் தேர், ஔவைக்கு நெல்லிக்கனி என்ற அளவில் அவர்கள் வரலாறு நின்றுவிடுகிறது. வள்ளல் என்ற சொல் அவர்களுக்குப் பெருமை சேர்த்தது உண்மையே. ஆயினும் அவர்கள் போரில் ஆற்றிய பணியை அது மறைத்துவிட்டது என்பதும் உண்மை.

ந. சுப்பிரமணியன் 1966இல் வெளியிட்ட சங்ககால அரசியல் பற்றிய ஆங்கில நூல் ஆட்சி அமைப்பை முதன்மையாக ஆராய்ந்தது. க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூல் வீரனையும் அவனைப் பாடும் பாணனையும் மையமாகக் கொண்டது. இரண்டும் இன்றியமையாத நூல்கள். வேந்தனுக்கும் அவனுக்குத் துணை நின்ற வேளுக்கும் இடையிலான உறவைப் புலவர்கள் எச்சொற்களால் மொழிந்தனர் என்னும் வினா இவ்விரண்டிற்கும் வெளியே நிற்கிறது. அவ்வினாவை மலையமான் மரபைக் கொண்டு நோக்குவது இக்கட்டுரையின் முயற்சி. இம்மரபைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பெண்ணையாற்றங்கரைக் கோவலூரையும் முள்ளூர் மலையையும் உடைய இச்சிறுநாட்டார் சேரர்க்கும் துணை நின்றனர். சோழர்க்கும் துணை நின்றனர். அத்துணையைப் பற்றிய பாடல்கள் ஒரு தொகுதியாகக் கிடைக்கும் மரபு இதுவே எனலாம். திருமுடிக்காரியும் தேர்வண் மலையனும் ஒருவரா இருவரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இங்கு ஆளைக் காட்டிலும் மரபே முதன்மை என்பதால் அவ்வாராய்ச்சியுள் புகவில்லை.

எண்ணும் பெயரும்

துணைவர் எவ்வாறு நினைக்கப்பட்டனர் என்பதற்கு அகநானூறு நல்ல சான்று. வெண்ணிப் போரைக் குறிக்கும் பரணர் (அகம். 246), கரிகாலனை எதிர்த்து வேந்தரோடு வீழ்ந்த வேளிரைப் பதினொருவர் என்று மட்டும் கூறி அமைகிறார். ஒரு பெயர்கூட இல்லை. பதினொரு நாடுகள், பதினொரு குடிகள்; எஞ்சியது ஓர் எண். தலையாலங்கானப் போரைப் பாடும் நக்கீரர் (அகம். 36) திதியன், எழினி, எருமையூரன், இருங்கோவேண்மான், பொருநன் எனப் பெயரும் அடையும் கொடுத்து நிரல்படுத்துகிறார். இது துணைவர்க்குச் செய்த சிறப்புப் போலத் தோன்றும். ஆனால் அடுக்கிச் சொல்லப்படும் ஒவ்வொரு பெயரும் நெடுஞ்செழியன் வெற்றியின் அளவைக் கூட்டுவதற்கே பயன்படுகிறது. வென்றவன் புலவர் தோற்றவர் பெயரைச் சொல்லும்போது அது பட்டியலாகிவிடுகிறது.

இவ்விரு பாடல்களிலும் போர், ஊரில் எழுந்த அலரின் அளவைக் காட்டும் உவமையாக வருகிறது. போர்க்கள ஆரவாரத்தினும் அலர் பெரிது என்பது கருத்து. துணைவர் பங்கு அகத்தில் ஓர் ஓசையாக எஞ்சியிருக்கிறது. கல்லாடனாரின் பாடலும் (அகம். 209) இவ்வாய்பாட்டையே பின்பற்றுகிறது. ஆலங்கானத்து ஆரவாரத்தினும் அலர் பெரிது என்று தொடங்கும் அப்பாடலில் நெடுஞ்செழியனை எதிர்த்தோர் ‘எழுவர்’ என்னும் எண்ணாகச் சுருங்குகின்றனர். நக்கீரர் கொடுத்த பெயர்களும் இங்கு உதிர்ந்துவிட்டன. ஆனால் அதே பாடலின் பிற்பகுதியில் முள்ளூர் மன்னன் காரி பெயரோடு வருகிறான். வல்வில் ஓரியைக் கொன்று அவனது கொல்லி மலையைச் சேரர்க்கு ஈந்தவனாக வருகிறான். ஒரே பாட்டில் ஒருபுறம் எண், மறுபுறம் பெயர். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்ன?

காரி வென்ற பக்கத்தில் இருந்தான் என்பது ஒரு விடை. அது போதாது. வென்ற பக்கத்துத் துணைவர் எல்லாரும் பெயர் பெற்றிலர். சொல்லின் வழியே நோக்கினால் மற்றொரு விடை கிடைக்கிறது. கல்லாடனார் காரியின் செயலைக் குறிக்க ஆளும் வினை ‘ஈதல்’. பாணர்க்குத் தேர் வழங்குவதைக் குறிக்கும் அதே வினை, வேந்தனுக்கு மலைநாடு வென்று கொடுப்பதையும் குறிக்கிறது. தொல்காப்பியர் எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் பிரித்து, ஈ என்பது இழிந்தோன் இரக்கும் சொல் என்பார். அவ்விதி இரப்போன் கூற்றுக்குரியதேயன்றிக் கதை கூறுவோன் கூற்றுக்கு அன்று. செய்யுள் வழக்கில் ஈதல் பொதுச்சொல்லாகவும் வழங்கும். ஆகவே சேரன் இழிந்தோனாக வைக்கப்பட்டான் என்று அறுதியிட முடியாது. ஆயினும் அவன் பெறுவோன் இடத்தில் நிற்கிறான் என்பதில் ஐயமில்லை. வேந்தன் ஏவ வேள் செய்தான் என்னும் தொடர்பை மாற்றி, வேள் ஈய வேந்தன் கொண்டான் என்று மொழிவது சிறிய மாற்றமன்று.

இந்த ஈகைக்கு மறுபக்கமும் உண்டு. ஓரியைக் கொன்றபின் அவனது பெருந்தெருவில் காரி புகுந்தபோது எழுந்த பேரொலியைக் கபிலர் நற்றிணையில் (320) உவமையாக்குகிறார். சேரன் பக்கமிருந்து நோக்கும்போது கொல்லி ஒரு கொடை. ஓரியின் தெருவிலிருந்து நோக்கும்போது அது ஓர் ஊரின் அலறல். காரியைப் புகழ்ந்து பாடியவரே அத்தெருவின் ஒலியையும் பதிவு செய்திருப்பது கபிலரின் நேர்மைக்குச் சான்று. வள்ளல்களை எண்ணும் பெருஞ்சித்திரனார் (புறம். 158) ஓரியையும் மலையனையும் அடுத்தடுத்து வைத்துப் போகிறார், கொன்றவனும் கொல்லப்பட்டவனும் கொடை என்னும் ஒரே வரிசையில் அமைதியாக நிற்கின்றனர். சிறுபாணாற்றுப்படை ஆசிரியர் நத்தத்தனார் காரிக்குதிரைக் காரியோடு ஓரி பொருததை ஓரடியில் குறித்துச் செல்கிறார். பிற்கால நூல்களில் அந்த ஓரடியும் மறைந்து, எழுவரும் வள்ளல்கள் என்பது மட்டும் நின்றது.

கூழ் யாருக்கு உரியது?

துணை செய்தவன் கைம்மாறு பெற்றானா? இவ்வினாவைக் கபிலர் மறைக்கவில்லை. புறநானூற்று 122ஆம் பாட்டு அதனை வெளிப்படையாகவே கூறுகிறது. மூவருள் ஒருவனுக்குத் துப்பாக வருக என்று புகழ்ந்து வேண்டி வருவோர் கூழ் தருகின்றனர். கூழ் என்பது இங்குப் பொருள். குறள் அரசுறுப்பு ஆறனுள் வைத்து எண்ணும் அதே கூழ். அவ்வாறனுள் நட்பும் ஒன்று என்பது உடன் நினைக்கத்தக்கது. மூன்று பக்கமும் வேண்டிவந்தனர் என்பதனால், காரியின் படை ஒரு வேந்தனுக்குக் கட்டுப்பட்டதன்று என்பதும், அதற்கு விலை இருந்தது என்பதும் பெறப்படும். இக்காலத்து ஆய்வாளர் ஒருவர் இதனைக் கூலிப்படை என்று எழுதினால் முற்றிலும் தவறு என்று மறுப்பது எளிதன்று.

கபிலர் அச்சொல்லுக்கு இடங்கொடாமல் பாட்டை நடத்தும் முறையே இங்குக் கருதத்தக்கது. நாடு அந்தணருடையது, வேந்தர் தரும் கூழ் இரவலருடையது, உனக்கென இருப்பது கற்புடைய மனைவியின் தோள் ஒன்றே. இவ்வாறிருந்தும் நீ பெருமிதம் உடையை என்று முடிகிறது பாட்டு. விலை பெறப்பட்டது, பெற்றவனிடம் அது தங்கவில்லை. பெற்ற பொருள் கைமாறிப் போனதனால் பொருட்டுச் செய்த போர், பொருட்டுச் செய்த போராக நில்லாமல் கொடையின் ஒரு படிநிலையாகிவிடுகிறது. இது வெறும் முகமனா, நடைமுறையா என்று கேட்கலாம். ஈர்ந்தூர் கிழான் தோயன் மாறனைப் பாடிய பாட்டு (புறம். 180) நடைமுறையே என எண்ண வைக்கிறது. தன் இறைவனுக்கு உற்ற இடரைத் தான் தாங்கிப் பொருது, மருந்துக்காக வெட்டப்பட்ட மரம்போல் உடலெங்கும் வடுப்பட்டவன் அவன். இரவலர் வந்து நின்றால் பொருள் எடுத்துக் கொடுப்பதில்லை. தன்னூர்க் கொல்லனிடம் போய் வேலை வடித்துத் தருமாறு இரக்கிறான். இரப்பவனுக்கு ஈய, ஈபவன் கொல்லனை இரக்கிறான். அடுத்த போர் அங்கே தொடங்குகிறது. கொடையும் துணைப்போரும் இரு தனிச் செயல்கள் அல்ல, ஒன்றை ஒன்று இயக்கும் ஒரே பொருளியல் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் கூறிய பாட்டு சங்க இலக்கியத்தில் இல்லை.

துப்பு என்னும் சொல்லுக்கு வலிமை, துணை என்னும் பொருள்களோடு உணவு என்னும் பொருளும் உண்டு. துப்பாக வருக என்று அழைத்துக் கூழ் தருகிறார்கள் என்பதில் இச்சொல்லின் இரட்டைப் பொருளைக் கபிலர் கருதினாரா என்பது அவரவர் சுவையைப் பொறுத்தது. கருதியிருப்பார் என்றே தோன்றுகிறது.

வென்றோனும் தோற்றோனும்

துணைவனின் பங்கை நேரடியாகப் பொருளாகக் கொண்டது வடமவண்ணக்கன் பெருஞ்சாத்தனார் பாடிய புறநானூற்று 125ஆம் பாட்டு. சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறையும் சோழன் இராசசூயம் வேட்ட பெருநற்கிள்ளியும் பொருத போரில் சோழனுக்குத் துப்பாகியவன் தேர்வண் மலையன் என்று அடிக்குறிப்புக் கூறுகிறது. கபிலர் ஆண்ட அதே ‘துப்பு’ என்னும் சொல்லே இங்கும் வருகிறது.

அடிக்குறிப்பை ஒதுக்கிவிட்டுப் பாட்டை மட்டும் படித்துப் பார்த்தல் வேண்டும். சேரன் பெயர் இல்லை; சோழன் பெயர் இல்லை. வென்றோன் என்று ஒருவன், தோற்றோன் என்று ஒருவன், அவ்வளவே. பெயர் உடையவன் மலையன் ஒருவனே. அகநானூற்றில் வேளிர் எண்ணாகச் சுருங்கியதைக் கண்டோம். இங்கு வேந்தர் இருவரும் வினைகளாகச் சுருங்கிவிட்டனர். வேந்தர் அவைப் புலவர் வேளிர்க்குச் செய்ததையே வேளின் புலவர் வேந்தர்க்குத் திருப்பிச் செய்திருக்கிறார் என்று கூறினால் அது மிகையாகாது. பாட்டு விட்ட இரு பெயரையும் நமக்குத் தந்தவர் அடிக்குறிப்பை எழுதியவரே. அவர்க்கு நாம் கடன்பட்டுள்ளோம். ஆயினும் அப்பெயர்கள் வந்து சேர்ந்ததும் பாட்டு மீண்டும் ஒரு வேந்தர் போரின் செய்தியாக வாசிக்கப்படுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வென்றவன், என்னை வெல்வித்தவன் இவன் என்கிறான். தோற்றவன், விரைந்து வந்து போரைத் தாங்கிய மலையன் இல்லையாயின் இப்போர் எமக்கு எளிதாயிருக்கும் என்கிறான். துணைவனின் பங்கிற்கு இதனினும் வலிய சான்று இருக்க முடியாது. வென்றவன் கூற்று முகமனாக இருக்கலாம். தோற்றவன் கூற்று தன் தோல்விக்குச் சாக்காகவும் இருக்கலாம். தனித்தனியே நம்புதற்கரிய இரு கூற்றுகள் ஒன்றையே கூறுகின்றன என்பதில்தான் புலவர் தம் வழக்கை நாட்டுகிறார். வழக்காடு மன்றத்து முறை இது: பகைவர் இருவர் ஒத்துச் சொல்லும் செய்தி உண்மையாதல் வேண்டும். தோற்றவன் கூற்றில் மற்றொன்றும் உண்டு. மலையன் இல்லையேல் எளிது என்பதனால் சோழன் தனித்து நின்றிருந்தால் வீழ்ந்திருப்பான் என்பது பெறப்படுகிறது. சேரனின் வாயில் சோழன் ஒரு பொருட்டாகவே இல்லை. மலையனுக்குப் புகழாகும் அச்சொல் சோழனுக்கு இகழாகிறது. துணைவனைப் புகழ்வதில் உள்ள இடர் இது. அவனை உயர்த்தும் ஒவ்வொரு சொல்லும் அவன் துணை செய்த வேந்தனைத் தாழ்த்தும். பெருஞ்சாத்தனார் அவ்விடரை அறிந்தே இரு வேந்தர் பெயரையும் விட்டிருக்கலாம் என்று கருத இடமுண்டு.

இப்பாட்டின் திணை வாகை, துறை அரசவாகை. வேந்தன் அல்லாத ஒருவனுக்கு அரசவாகை கூறப்பட்டதைத் துறை வகுத்தோரின் நெகிழ்ச்சி என்று தள்ளிவிடலாம். பாட்டின் உட்கிடை அறிந்து வகுத்த துறை என்று கொள்வதே பொருத்தம். அந்தக் களத்தின் வாகை யாருடையது என்பதே பாட்டின் வழக்கு. துறை வகுத்தவர் தீர்ப்பு வழங்கிவிட்டார்.

இத்துணை பெரிய வழக்கைக் கொண்ட பாட்டு எவ்வாறு தொடங்குகிறது என்பது வியப்பிற்குரியது. யானையும் குருதியும் முதலில் வரவில்லை. பஞ்சு நூற்கும் பெண்ணின் கையிலுள்ள வெண்பஞ்சு முதலில் வருகிறது. நெருப்பில் வாட்டிய கொழுப்பு மிக்க இறைச்சிக்கு அது உவமை. அடுத்து வருவது உழுத எருது. உழுது களைத்த வலிய பகடு ‘அழி’ தின்றாற்போல மலையன் கள்ளை உண்கிறான். அழி என்பதற்கு வைக்கோல் எனப் பொருள் கொள்வது உரைமரபு. நிலத்தை உழுதது எருது, நெல் பிறர் வீட்டிற்குப் போகிறது, எருதுக்கு வைக்கோல். போரைத் தாங்கியவன் மலையன். வெற்றியும் நிலமும் கிள்ளிக்கு. மலையனுக்கு ஒரு கலம் கள். அதையும் அவன் அமிழ்துபோல் விரும்பி உண்கிறான் என்கிறார் புலவர். இவ்வுவமையைத் தன்னலமின்மைக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அது பிழையன்று. ஆனால் வைக்கோல் என்ற சொல்லில் ஒரு கசப்பு இருக்கிறது. அதைக் கேளாமல் விட்டால் உவமையில் பாதியை இழந்தவராவோம். எருது தன்னலமின்மையால் நெல்லை விடுவதில்லை. நெல் அதற்குத் தரப்படுவதில்லை.

பஞ்சுக்கும் பொருள் காணலாமா? நற்றிணை 353இல் கபிலர், ஆடவர் இல்லாத மகளிர் தம் உழைப்பால் நூற்ற நுண்ணிய பஞ்சைப் பேசுகிறார். அதை இங்கு வலிந்து பொருத்துவது முறையன்று. ஆனாலும் வெற்றி விருந்தின் முதல் உவமையாகப் பருத்திப் பெண்டு வந்து நிற்பது, போருக்குப் பின் நூல் நூற்று உயிர்வாழும் மகளிரை அறிந்திருந்த கேட்போர்க்கு வெறும் நிற உவமையாக மட்டும் தோன்றியிருக்குமா என்பது ஐயமே.

எருதும் நுகமும் இப்பாட்டோடு நில்லாமல் துணைவரைப் பற்றிய பாடல்களில் மீண்டும் வருகின்றன. பாண்டியனுக்குப் படை வேண்டியபோது வாளும் வினை வேண்டியபோது அறிவும் உதவிய நாலை கிழவன் நாகனை வடநெடுந்தத்தனார் (புறம். 179), நுகம் தளராத எருதின் உள்ளம் உடையவனாகக் காட்டுகிறார். நத்தத்தனார் எழுவரும் சேர்ந்து பூண்ட ஈகை நுகத்தை நல்லியக்கோடன் ஒருவனே தாங்கினான் என்கிறார். முதலிரண்டில் நுகமும் ஏரும் போருக்குரியவை. மூன்றாவதில் நுகம் ஈகைக்குரியதாகிவிட்டது. துணைவன் வள்ளலாக மாறும் வழி இந்த ஓர் உருவகத்தின் இடமாற்றத்திலேயே தெரிகிறது. நுகம் என்பது பாரம் என்பதும், அதைப் பூட்டியவன் ஒருவன் இருப்பான் என்பதும் நத்தத்தனார் பாட்டில் மறக்கப்படுகின்றன.

முள்ளூரில் ஒளித்த ஞாயிறு

கடன் மிகப் பெரிதாகத் தோன்றும் இடம் மாறோக்கத்து நப்பசலையார் மலையமான் சோழிய ஏனாதி திருக்கண்ணனைப் பாடிய பாட்டு (புறம். 174). அரசிழந்த சோழன் ஒருவன் முள்ளூர் மலையின் அரிய வழியில் ஒளிந்திருக்கிறான். அவனது வெண்குடையை மீண்டும் நிறுத்திக் காவிரி நாட்டின் துயர் தீர்த்தவன் திருக்கண்ணன். அவுணர் ஞாயிற்றை ஒளித்தபோது மைந்நிறத்தோன் அதனைக் கொணர்ந்து நிறுத்தியது உவமை. பெருஞ்சாத்தனார் எதிர்கொண்ட இடரை நப்பசலையார் வேறு வகையில் தீர்க்கிறார். சோழன் ஞாயிறு, அவன் பெருமை குறையவில்லை, சிறிது காலம் மறைக்கப்பட்டான், அவ்வளவே. துணைவன் கடவுள், ஞாயிற்றை அதன் இடத்தில் வைப்பவன். இருவரும் உயர்கின்றனர். இவ்வளவு நயமான சமநிலையைப் புறநானூற்றில் வேறிடத்துக் காண்டல் அரிது.

ஆனால் பாட்டுடைத் தலைவனின் பெயரைக் கவனிக்க வேண்டும். சோழிய ஏனாதி என்பது சோழன் அளித்த படைத்தலைமைப் பட்டம். மூவர் பக்கமிருந்தும் வேண்டி வந்தோரைக் கண்ட காரியின் மரபில் வந்தவன் இப்போது ஒரு வேந்தனின் பட்டத்தைப் பெயராகத் தாங்குகிறான். அம்மரபின் கோட்டையில் புலி பொறிக்கப்பட்டிருந்தது என்பதும் இப்பாட்டிலிருந்தே தெரிகிறது. குடையை நிறுத்தித் தந்தவனுக்குக் கிடைத்தது அக்குடையின்கீழ் ஒரு பதவி. கடன் தீர்க்கப்பட்டதா, பதவியாக மாற்றப்பட்டதா என்பது நோக்கத்தக்கது.

துணைவனுக்கு இடர் வந்தபோது வேந்தர் என் செய்தனர்? அதியமான் நெடுமான் அஞ்சி கோவலூரை அழித்த செய்தியை ஔவையார் பாடுகிறார் (புறம். 99), பரணர் அவ்வெற்றியைப் பாடியதையும் அவரே குறிக்கிறார். அப்பாட்டில் கோவலூரைக் காக்க வந்த வேந்தன் எவனும் குறிக்கப்படவில்லை. திருக்கோவலூர்ப் பகுதியிலுள்ள ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி பாழி ஈந்த செய்தியைத் தருகிறது. காரியின் நாட்டிலேயே அவன் பகைவன் ஈகை செய்து பெயர் பொறித்திருக்கிறான். அங்கும் வினை ‘ஈதல்’ என்பது தற்செயலே ஆயினும் மறக்க முடியாதது. பின்னர்ச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை எறிந்ததைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம் பாடும். வரலாற்றாசிரியர் பலர் கொல்லி, கோவலூர், தகடூர் ஆகிய மூன்றையும் ஒரு காரணத் தொடராகக் கோப்பர். அவ்வாறாயினும் தகடூர் வெற்றி பதிகத்தில் சேரனுக்கே உரியதாயிற்று. காரி அங்கு இல்லை.

இராசசூயம் வேட்ட பெருநற்கிள்ளி மற்றோரிடத்தும் தோன்றுகிறான். சேரமான் மாரிவெண்கோவும் பாண்டியன் கானப்பேரெயில் கடந்த உக்கிரப்பெருவழுதியும் அவனும் ஒருங்கிருந்ததைக் கண்டு ஔவையார் மகிழ்ந்து வாழ்த்துகிறார் (புறம். 367). அருமையான காட்சி அது. வாழ்த்துப் பெறுவோர் மூவர். அவனுக்கு வாகை தந்த மலையன் பெயர் அங்கில்லை. அமைதியின் அவையில் துணைவனுக்கு இருக்கை இடும் மரபு எக்காலத்தும் அருகியே காணப்படுகிறது.

யானைமுன் சிறார்

இவற்றையெல்லாம் கண்டபின் கோவூர்கிழாரின் பாட்டைப் (புறம். 46) படிக்கும்போது அதன் பொருள் ஆழமாகிறது. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் மலையமான் மக்களை யானைக் காலில் இட முனைந்தபோது அவர்களைக் காக்கப் பாடியது. இம்மக்கள் எம்மலையமானுடையவர் என்பதை அடிக்குறிப்புச் சுட்டவில்லை. சோழனை முள்ளூரில் ஒளித்துக் காத்த குடியின் சிறார் சோழனின் யானைமுன் நிறுத்தப்பட்டனர் என்பது தெளிவு. அந்நிகழ்ச்சிகளின் முன்பின் எதுவாயினும் அது மாறாது.

கோவூர்கிழார் சொல்வன்மை மிக்கவர். நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையில் நின்று பேசியவர்; ஒற்றன் எனக் கருதப்பட்ட இளந்தத்தனைக் காத்தவர். சோழனை இரங்க வைக்க எந்தச் சொல் பயன்படும் என்பதை நன்கறிந்தவர். அவர் கூறுவன இரண்டு. நீ புறாவின் துயர் தீர்த்தவன் வழிவந்தவன். இவர்கள் புலவரின் வறுமைக்கு அஞ்சித் தம்முடையதைப் பகுத்துண்ணும் குடியினர். பிறகு, களிற்றைக் கண்டு அழுகையை மறந்து மன்றத்தை மருண்டு நோக்கும் அச்சிறார்களைக் காட்டிவிட்டு, கேட்டாயாயின் நீ விரும்பியதைச் செய் என்று விலகிக்கொள்கிறார்.

அவர் கூறாத ஒன்று உண்டு. மலையமான் மரபு சோழர்க்குத் துப்பாகியதை அவர் கூறவில்லை. பெருநற்கிள்ளி பெற்ற வெற்றியும் இல்லை, முள்ளூரும் இல்லை, குடையும் இல்லை. உயிர் போகும் தருணத்தில் ஒரு குடியின் சார்பாக எடுத்து வைக்கத்தக்க வலிய வாதம் அதுவாகத்தானே இருக்க வேண்டும்? கூறாமைக்குக் காரணம் அத்துணை இக்கிளைச் சோழனுக்குச் செய்யப்படாததாக இருக்கலாம். சோழர் குடியில் உட்பகை மிகுதி என்பதற்குக் கோவூர்கிழாரே சான்று. பகைக் கிளைக்குச் செய்த துணை குற்றமாகவே கருதப்பட்டிருக்கும். அல்லது வேந்தனிடம் அவன் பட்ட கடனை நினைவூட்டுவது சினத்தையே வளர்க்கும் என்று அப்பெருஞ்சான்றோர் உணர்ந்திருக்கலாம். எதுவாயினும், வேந்தர்க்கு ஈந்தது இங்கு வாதமாகவில்லை. புலவர்க்கு ஈந்தது வாதமாயிற்று. துறை துணைவஞ்சி.

காரி தனக்கு வந்த கூழை இரவலர்க்கு உரியதாக்கினான் என்று கபிலர் பாடியதைப் பெருமிதத்தின் புகழ்ச்சியாக மட்டும் இதுவரை படித்து வந்தோம். வேந்தரிடம் வைத்த கடன் திரும்பி வராது என்பதை அறிந்த ஒரு சிறுகுடி, தன் பொருளை வேறிடத்தில் வைத்துக் காத்த முறையாகவும் அதனைப் படிக்கலாம். அப்பாட்டு யாக்கப்பட்டபோது அப்படி யாரும் எண்ணியிருக்க வேண்டியதில்லை. கிள்ளிவளவனின் மன்றத்தில் அந்தக் கூழ் பயன்பட்டது. புறநானூற்றைத் தொகுத்தோர் 46ஆம் பாட்டின்கீழ், பாடி உய்யக் கொண்டது என்று எழுதி வைத்திருக்கின்றனர்.